குழு மடல்களைப் பிரிக்கும் விதி நம் கையில் இருக்கட்டும்

தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் 2011-இல் அலுவலகம் தொடங்கிய சோஹோ நிறுவனம், அங்கிருந்து உருவாக்கிய மென்பொருள் சோஹோ டெஸ்க். வாடிக்கையாளர்களின் மின்னஞ்சல்களை விதிகளின்படி பிரித்து உரிய துறையிடம் ஒப்படைப்பது அதன் முக்கியப் பணி. நிறுவனங்களுக்காகக் குற்றாலச் சாரலில் இத்தகைய கருவி உருவாகிறது. நம்மில் பலரோ சொந்த இன்பாக்ஸுக்கு ஒரு விதிகூட எழுதியதில்லை. முன்னாள் மாணவர் குழு, ஆசிரியர் கூட்டமைப்பு, துறைச் சுற்றறிக்கை, கடை விளம்பரம் எல்லாம் ஒரே இடத்தில் குவிகின்றன. நமக்கென்றே ஒருவர் எழுதிய கடிதம் அடியில் போய்விடுகிறது.

இதற்குத் தீர்வு ஏற்கெனவே இருக்கிறது. குழு மடல்களை அனுப்புநர் பெயரால் பிரிக்க முடியாது, ஒவ்வொன்றையும் வேறொருவர் எழுதுகிறார். தலைப்புச் சொல்லை நம்பினால், அதே சொல் வரும் தனிக்கடிதமும் சேர்ந்து போய்விடும். ஆனால் முறையாக நடத்தப்படும் குழுவின் ஒவ்வொரு மடலிலும், கண்ணுக்குத் தெரியாத தலைப்பகுதியில் 'லிஸ்ட்-ஐடி' என்ற மாறாத அடையாளம் இருக்கும். 2001-இல் வகுத்த இணையத் தரம் அது. இந்த அடையாளம் உள்ளவற்றைத் தனி ஃபோல்டருக்கு அனுப்பு என்று விதி எழுதினால், யார் எழுதினாலும், எந்தத் தலைப்பில் வந்தாலும், மடல் அதன் இடத்துக்குப் போய்விடும். ஜிமெயிலில் இதைச் செய்யச் சில நிமிடங்கள் போதும்.

ஜிமெயில் 2013 முதலே தானாகப் பிரித்துத் தருகிறதே என்று கேட்கலாம். அது நிறுவனத்தின் ஊகம். எதை எங்கே தள்ளியது, ஏன் தள்ளியது என்று நமக்குத் தெரியாது. நாம் எழுதிய விதி தவறினால் திறந்து பார்த்துத் திருத்தலாம். ஃபோல்டருக்குள் போனதை யாரும் படிப்பதில்லை என்பது இன்னொரு மறுப்பு. பல மாதம் திறக்காத ஃபோல்டர், அந்தக் குழு நமக்குத் தேவையில்லை என்பதைக் காட்டிவிடுகிறது; விலகிவிடலாம். மொத்தமாக விளம்பர அஞ்சல் அனுப்புவோர் ஒரே சொடுக்கில் விலகும் வழி தரவேண்டும் என்று 2024-இல் ஜிமெயிலும் யாஹூவும் கட்டாயமாக்கிவிட்டன.

உண்மையிலேயே வலுவான மறுப்பு ஒன்றுதான்: மொத்தமாக வருவதெல்லாம் அற்பமல்ல. வானிலை எச்சரிக்கையும் பலருக்கு ஒரே நேரத்தில் போகும் அஞ்சலாகத்தான் வருகிறது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு சிறுவனின் உயிரைப் பறித்த தென்காசி மாவட்டம் இது. எச்சரிக்கை அஞ்சல் பெறும் அலுவலகங்கள், அந்த அனுப்புநர்களுக்கு முதலில் விலக்கு எழுதிவிட்டு, அதன் பிறகே மற்றக் குழுக்களுக்கு விதி எழுத வேண்டும். பணியிடம் மாறி வருபவருக்கு அந்த விலக்குப் பட்டியலையும் சேர்த்தே ஒப்படைக்க வேண்டும்.