காக்கைக்கு மூக்கு உண்டா?

அமாவாசைச் சோற்றை மாடிச் சுவரில் வைத்துவிட்டு "கா, கா" என்று கூப்பிடுகிறோம். "வடை வாசனைக்கே வந்துவிடும், எதற்குக் கத்துகிறீர்கள்?" என்பது ஒரு கட்சி. "பறவைக்கு ருசியாவது வாசனையாவது, எதைப் போட்டாலும் தின்னும்" என்பது இன்னொரு கட்சி. எங்கள் தெருவில் இரண்டாவது கட்சிக்கே ஆள் அதிகம். ஊசிப்போன சோறும் நமுத்த மிக்சரும் மாடிக்குப் போவது அவர்கள் தயவில்தான். எனக்கு இரண்டிலும் சம்மதமில்லை.

காக்கை இரை தேடுவது பெரும்பாலும் கண்ணால். தட்டோடு நாம் படியேறுவதைப் பார்த்துத்தான் அது எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் வந்து உட்காருகிறது. அதற்காக மூக்கே இல்லையென்று சொல்லிவிடலாமா?

அந்தப் பேச்சு பரவியதில் ஓதுபோனுக்குப் பெரிய பங்கு உண்டு. பிரான்சில் நாந்த் பக்கம் வளர்ந்து அமெரிக்கா போன பறவை ஓவியர். இங்கிலீஷ்காரர்கள் ஆடுபான் என்பார்கள். புரூவே வரை பிரெஞ்சில் படித்த எனக்கு அது வாயில் வருவதில்லை. அவர் மான் தோலில் புல்லை அடைத்து வெளியில் போட்டார். கழுகு இறங்கிக் கொத்தியது. அழுகிய பன்றியை மறைத்து வைத்தார். ஒன்றும் வரவில்லை. கழுகுக்கு மோப்பமில்லை என்று 1826-இல் அறிவித்துவிட்டார். அந்தக் கழுகு ரொம்ப அழுகியதைத் தொடாது என்பது பிற்பாடுதான் தெரிந்தது. கலிபோர்னியாவில் காஸ் குழாய் கசியும் இடத்தின் மேல் அதே கழுகுகள் வட்டமிடுவதை ஊழியர்கள் கவனித்திருந்தார்கள். நம் சிலிண்டரில் நாற்றத்துக்காகக் கலக்கிறார்களே, அந்த மெர்காப்டான் பிணத்திலிருந்தும் எழுகிற வாடை.

கழுகை விடுங்கள், தோட்டத்துச் சிட்டுக்கு வருவோம். ஐரோப்பியத் தோட்டங்களில் மெசான்ழ் என்றொரு சிட்டு உண்டு. எங்கள் பள்ளிப் புத்தகத்தில் படமாக மட்டும் பார்த்தது. கம்பளிப்புழு அரித்த ஆப்பிள் மரத்தை, புழுவும் அரித்த இலையும் கண்ணில் படாதபோதும், வாசனையால் அது கண்டுகொள்கிறது என்று 2013-இல் சோதித்துக் காட்டினார்கள்.

ருசி விஷயம் இன்னும் வேடிக்கை. கிளி பச்சைமிளகாயைக் கடித்துத் தின்கிறது, கண்ணில் சொட்டு நீர் வருவதில்லை. மிளகாயின் எரிச்சல் பறவைக்கு உறைப்பதே இல்லை. இதில் லாபம் மிளகாய்ச் செடிக்கு. நாமும் எலியும் விதையை மென்று தீர்த்துவிடுவோம். பறவை முழுசாக எச்சத்தில் போட்டு நட்டுவிட்டுப் போகும். கொல்லையில் யாரும் போடாத ஊசிமிளகாய் முளைப்பது இப்படித்தான். இனிப்பை அறியும் உறுப்பைப் பறவைகளின் மூதாதை இழந்துவிட்டது. ஆனால் தேன்சிட்டு வகையறா, மாமிச ருசி அறியும் உறுப்பையே மாற்றிக்கொண்டு தேனை ருசிக்கிறது. கசப்பும் தெரியும். எருக்கிலை தின்று வளர்ந்த வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியை ஒருமுறை கொத்தித் துப்பிய பறவை மறுமுறை அந்த நிறத்தின் பக்கம் போகாது.

ஆகவே என் கட்சி இது: தேடுவது கண், தீர்ப்புச் சொல்வது வாய், மூக்கும் சும்மா இல்லை. ஆனால் இவையெல்லாம் எருக்கும் புழுவும் மாதிரித் தலைமுறை தலைமுறையாகப் பழகிய சரக்குக்கு. கடையில் நாம் வாங்கும் மருந்துக்கு அல்ல. "விஷமென்றால் மோந்து பார்த்து ஒதுங்கிவிடும்" என்று சொல்லிக் கொய்யாவுக்கு மருந்தடிக்கிறவர்களிடம் எனக்குக் கோபமே வருகிறது. உப்பும் அப்படித்தான். அந்தச் சின்னச் சிறுநீரகம் ஒரு கைப்பிடி மிக்சரைத் தாங்காது.

வெறும் சோறு, ஒரு மண்சட்டித் தண்ணீர் போதும். எலி மருந்து வைத்தீர்களானால், செத்த எலியைத் தேடி எடுத்து ஆழமாகப் புதைத்துவிடுங்கள். காக்கை எலியைப் பார்க்கும். அதன் வயிற்றில் இருப்பதை எந்த அலகும் அதற்குச் சொல்லாது.