வீரருக்கு முழக்கம், மருத்துவருக்கு ஒப்பந்தம்!

படைவீரர்களின் பெயரைச் சொல்லி வாக்குக் கேட்க ஆளுங்கட்சிக்குக் கூச்சமில்லை. அதே வீரர் ஓய்வுபெற்று, சர்க்கரை நோயோடும் மூட்டுவலியோடும் சிகிச்சைக்கு வந்து நிற்கும்போது, அவரைப் பார்க்க ஒரு நிரந்தர மருத்துவரை நியமிக்க ஒன்றிய அரசுக்கு மனமில்லை.

2003 ஏப்ரல் 1 அன்று தொடங்கப்பட்ட முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டத்தை இன்று அரைக் கோடிக்கும் மேற்பட்டோர் நம்பியுள்ளனர். இது இனாம் அல்ல. ஏழாவது ஊதியக் குழுவுக்குப்பின் வகுக்கப்பட்ட விகிதப்படி, ஹவில்தார் நிலை வரையுள்ள வீரர் ஓய்வுபெறும்போது 30,000 ரூபாய் செலுத்தியே இதில் சேருகிறார். ஆனால் நாடெங்கும் உள்ள நானூறுக்கும் மேற்பட்ட பாலிகிளினிக்குகளில் மருத்துவர் முதல் தூய்மைப் பணியாளர் வரை ஒப்பந்த ஊழியர்களே பணியாற்றுகின்றனர்.

கணக்கைப் பார்ப்போம். பல ஆண்டுகளாக இங்கு மருத்துவ அலுவலருக்கு மாதத் தொகுப்பூதியம் 75,000 ரூபாயாகவே இருந்தது. ஒன்றிய அரசின் நிரந்தர மருத்துவர் பணியில் சேரும்போதே அடிப்படை ஊதியம் 56,100 ரூபாய். தனிமருத்துவம் செய்யாமைக்கான 20 விழுக்காட்டுப் படி 11,220 ரூபாய். 2024 ஜனவரி நிலவரப்படி 50 விழுக்காட்டு அகவிலைப்படியையும் சேர்த்தால் தொகை ஒரு லட்சத்தைத் தாண்டுகிறது. வீட்டு வாடகைப்படி தனி. தொகுப்பூதியம் அவ்வப்போது உயர்த்தப்படலாம். அது ஆணையின் கருணையே தவிர ஊழியரின் உரிமை அல்ல. தற்காலிக ஊழியருக்கும் சம வேலைக்குச் சம ஊதியம் என 2016இல் ஜக்ஜித் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்ததே, அது பாதுகாப்பு அமைச்சகத்தின் காதில் விழவில்லையா?

“மருத்துவர் வசதியானவர்தானே, அவருக்காக நாம் ஏன் குரல் கொடுக்க வேண்டும்?” என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். நிலையற்ற வேலையில் மருத்துவர் நிலைப்பதில்லை. அவர் விலகினால் நோயாளி தனியார் மருத்துவமனைக்கு அனுப்பப்படுகிறார். அரசு அங்கே நிலுவை வைக்கிறது. நிலுவையைக் காரணம் காட்டித் தனியார் மருத்துவமனை கையை விரிக்கிறது. இறுதியில் அலைக்கழிக்கப்படுபவர் உழவர் வீட்டிலிருந்து படைக்குப் போன சிப்பாயும் அவருடைய விதவையும்தான். மருத்துவரின் ஊதியத்தில் மிச்சம் பிடிக்கப்பட்ட பணம், பன்மடங்காகத் தனியார் முதலாளிகளின் கல்லாவில் சேர்கிறது.

பார்த்த நோயாளிகளின் எண்ணிக்கைக்கேற்ப ஊக்கத்தொகை தரலாம் என்ற யோசனையையும் நாம் ஏற்கக்கூடாது. முதியவரின் நோயைக் கேட்டறிய நேரம் வேண்டும். தலைக்கு இத்தனை ரூபாய் என்றால் முதலில் பறிபோவது அந்த நேரமே.

2022இல் வந்த அக்னிபாத் இதே கொள்கையின் மறுபக்கம். நான்கு ஆண்டுகளில் வெளியேற்றப்படும் அக்னிவீரருக்கு ஓய்வூதியமும் இல்லை. இந்த மருத்துவத் திட்டமும் இல்லை. வீரரும் ஒப்பந்தம், வீரருக்கு மருந்து தரும் மருத்துவரும் ஒப்பந்தம்!

எனவே நமது கோரிக்கைகள் தெளிவானவை: பாலிகிளினிக் பணியிடங்கள் அனைத்தும் நிரந்தரமாக்கப்பட வேண்டும், மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர், ஓட்டுநர், தூய்மைப் பணியாளர் அனைவருக்கும் அகவிலைப்படியுடன் கூடிய ஊதிய விகிதம் வேண்டும், அக்னிவீரர்களையும் திட்டத்தில் சேர்க்க வேண்டும். முன்னாள் படைவீரர்களையும் மருத்துவ ஊழியர்களையும் ஒரே போராட்டக் களத்தில் இணைப்போம்.