அப்பா லென்ஸை விற்பதற்கு முன் ஒரு அடாப்டர் வாங்கிப் பாருங்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. காபி டம்ளரோடு உட்கார்ந்து படியுங்கள்.

போன மாதம் அண்ணா பெண் அடையாறிலிருந்து போன் பண்ணினாள். புதுசாக நிக்கான் இசட் 50 மிரர்லெஸ் கேமரா வாங்கியிருக்கிறாள். "சித்தப்பா, அப்பாவோட பழைய லென்ஸ் இதுல மாட்டாதாம். யாராவது கேட்டா குடுத்துடலாமா?" என்றாள். அண்ணா காலமாகி ஆறு வருஷம் ஆகிறது. எங்கள் வீட்டுக் கல்யாணம், காதுகுத்து, அம்மாவின் சதாபிஷேகம் எல்லாமே அவர் எஃப்.எம்.2 கேமராவில் அந்த 50 மி.மீ. லென்ஸை மாட்டி எடுத்ததுதான். "ஒரு வாரம் பொறு, நான் பார்த்துச் சொல்றேன்" என்றேன்.

மாட்டாது என்றது பாதி உண்மைதான். நிக்கானின் பழைய எஃப் மவுண்ட் 1959-ல் வந்தது. அதில் லென்ஸ் உட்காரும் வளையத்திலிருந்து பிலிம் வரை 46.5 மி.மீ. தூரம். நடுவில் கண்ணாடி ஏறி இறங்க அவ்வளவு இடம் வேண்டியிருந்தது. மிரர்லெஸ்ஸில் அந்தக் கண்ணாடியே கிடையாது. 2018-ல் வந்த இசட் மவுண்டில் அதே தூரம் வெறும் 16 மி.மீ. 46.5-லிருந்து 16-ஐக் கழியுங்கள். 30.5 வருகிறதா? இந்த 30.5 மி.மீ. இடைவெளியை நிரப்பும் குழாய்தான் அடாப்டர். உள்ளே கண்ணாடிச் சில்லு எதுவும் கிடையாது. அதனால் படத்தின் தரத்தைக் கெடுக்க அதில் ஒன்றும் இல்லை. அளவு சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மற்ற கம்பெனிகளுக்கும் இதே கணக்குதான். கேனானின் இ.எஃப். மவுண்ட் 44 மி.மீ., புது ஆர்.எஃப். 20 மி.மீ. வித்தியாசம் 24. சோனியின் இ மவுண்ட் 18 மி.மீ.

இனி என் கருத்துக்கு வருகிறேன். கடையில் விலை கேட்பதற்கு முன் வீட்டில் லென்ஸைக் கையில் எடுத்துப் பாருங்கள். அதில் மோட்டாரோ மின் இணைப்புப் புள்ளிகளோ இல்லாமல், துளையைச் சுருக்க ஒரு வளையம் இருந்தால், உங்களுக்கு வேண்டியது வெறும் குழாய் அடாப்டர்தான். ஆட்டோஃபோகஸ் லென்ஸிலேயே இல்லாதபோது, கம்பெனியின் எலக்ட்ரானிக் அடாப்டர் வாங்கினாலும் அது வரப்போவதில்லை. அண்ணாவின் லென்ஸ் இந்த வகை.

லென்ஸுக்குள்ளேயே மோட்டார் இருந்தால் நேர்மாறு. நிக்கானின் ஏ.எஃப்.-எஸ் லென்ஸ்களுக்கு கம்பெனியின் எஃப்.டி.இசட். அடாப்டர் கொடுத்த காசுக்கு வேலை செய்யும். கேனான் இ.எஃப். லென்ஸ்களில் துளையைச் சுருக்குவதே மின்சாரம்தான். வெறும் குழாயில் மாட்டினால் துளை முழுக்கத் திறந்தே கிடக்கும். அங்கே கஞ்சத்தனம் கூடாது.

நடுவில் ஒரு பொறி இருக்கிறது. 50 மி.மீ. 1.8 டி மாதிரியான ஏ.எஃப்.-டி லென்ஸ்களைச் சுழற்றும் மோட்டார் பழைய கேமராவின் உடம்பில் இருந்தது. எஃப்.டி.இசட். அடாப்டரிலும் அந்த மோட்டார் இல்லை. "ஆட்டோஃபோகஸ் லென்ஸ்தானே" என்று நம்பிப் பணம் போட்டால் கையால்தான் திருப்ப வேண்டியிருக்கும்.

இவ்வளவு தெரிந்த வாத்தியாரும் ஏமாந்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தி.நகரில் ஒரு கடையில் இருந்ததிலேயே மலிவானதை, 900 ரூபாய்க்கு வாங்கினேன். வீட்டில் பேத்தியைப் படம் எடுத்தேன், அருமையாக வந்தது. மறுநாள் காலை மயிலாப்பூர் தெப்பக்குளத்தின் மேற்குக் கரையில் நின்று, அக்கரையிலுள்ள மேற்குக் கோபுரத்தை எடுத்தேன். வளையத்தைக் கடைசி வரை திருப்பியும் கோபுரத்துப் பொம்மைகள் தெளியவே இல்லை. என் கண்தான் போச்சு என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து வெர்னியர் காலிப்பரை எடுத்தேன். (ஆமாம், இன்னும் வைத்திருக்கிறேன். சிரிக்காதீர்கள்.) 30.5 இருக்க வேண்டிய இடத்தில் 30.7. வெறும் 0.2 மி.மீ. அதிகம்.

இது என்ன பண்ணும்? பிளஸ் டூ-வில் நடத்தினேனே, நியூட்டனின் லென்ஸ் சூத்திரம். குவியத்திலிருந்து பொருள் இருக்கும் தூரத்தையும், அடுத்த பக்கக் குவியத்திலிருந்து பிம்பம் இருக்கும் தூரத்தையும் பெருக்கினால் குவிய தூரத்தின் வர்க்கம். 50-ன் வர்க்கம் 2500. அதை 0.2-ஆல் வகுத்தால் 12,500 மி.மீ. அதாவது பன்னிரண்டரை மீட்டர். அதற்கு அப்பால் இருக்கும் எதையும் அந்த அடாப்டரோடு கூர்மையாக எடுக்க முடியாது. கூடத்தில் உட்கார்ந்த பேத்தி தெளிவாக வந்ததும், குளத்துக்கு அக்கரையில் இருந்த கோபுரம் வராததும் அதனால்தான்.

கடைக்காரர் மாற்றித் தரமாட்டேன் என்றுவிட்டார். 900 ரூபாய் டியூஷன் பீஸ் என்று வைத்துக்கொண்டேன். இன்னொரு கடையில் 2,200 ரூபாய்க்கு வேறொன்று வாங்கினேன், ஆனால் இந்தத் தடவை சோதித்த பிறகுதான் பணம் கொடுத்தேன். நீங்களும் செய்ய வேண்டியது இதுதான்.

கேமராவையும் லென்ஸையும் கையோடு கொண்டுபோங்கள். அடாப்டரை மாட்டிக்கொண்டு கடை வாசலுக்கு வந்து, தெருக்கோடியில் இருக்கும் பெயர்ப் பலகையைப் பாருங்கள். லென்ஸ் துளையை முழுக்கத் திறந்து வையுங்கள். சுருக்கி வைத்தால் இந்தக் குறை மறைந்துவிடும். திரையில் பெரிதாக்கிப் பார்த்து எழுத்துகள் தெளிந்தால் சரி. வளையம் முடிவதற்கு ஒரு நூல் முன்னாடியே தெளிந்தால் தவறில்லை. அடாப்டர் கொஞ்சம் மெலிந்திருந்தால் பாதகமில்லை, தடித்திருந்தால்தான் ஆபத்து. பிறகு லென்ஸைப் பிடித்து லேசாக ஆட்டிப் பாருங்கள், லொடலொடக்கக் கூடாது. குழாயின் உட்புறம் பளபளக்காமல் மங்கிய கறுப்பாக இருக்க வேண்டும். சோனி, கேனான், ஃபியூஜி வைத்திருப்பவர்கள் மெனுவில் லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்க அனுமதி கொடுங்கள். இல்லாவிட்டால் கேமரா பழுது என்று நினைத்துத் திரும்பி வருவீர்கள்.

"எதுக்கு சார் இந்தக் கஷ்டம், புது லென்ஸே வாங்கிடலாமே" என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஓடுகிற குழந்தையை எடுக்க ஆட்டோஃபோகஸ் வேண்டும், அதற்குப் புது லென்ஸ்தான் சரி. கேமராவோடு இலவசமாக வந்த பழைய சாதாரண ஜூம் லென்ஸுக்கு விலை உயர்ந்த அடாப்டர் வாங்குவதும் வீண். இன்னொன்று: நம் சென்னைப் புழுக்கத்தில் தோல் பையில் வருஷக்கணக்காகக் கிடந்த லென்ஸில் பூஞ்சை பிடித்திருக்கும். முதலில் டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே சிலந்தி வலை மாதிரி தெரிந்தால் அடாப்டர் பணத்தைச் சேமியுங்கள்.

அண்ணா லென்ஸ் சுத்தமாக இருந்தது. சிலிக்கா ஜெல் போட்டு டப்பாவில் வைத்திருந்தார், அவர் குணம் அப்படி. இந்தக் கேமராவில் சென்சார் சிறியது என்பதால் 50 மி.மீ. லென்ஸ் 75 போலப் பார்க்கிறது. முகங்களை எடுக்க நல்ல அளவு. கேமராவில் அதிர்வு தாங்கும் வசதி இல்லை, அதனால் ஷட்டரை நூறில் ஒரு விநாடிக்குக் குறையாமல் வைக்கச் சொன்னேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் மயிலாப்பூர் வந்து அதை மாட்டிக்கொண்டு போனாள். இரவு ஒரு படம் அனுப்பினாள். பால்கனியில் அண்ணி காய் நறுக்கிக்கொண்டிருக்கிறாள். அண்ணா எடுத்த எத்தனையோ படங்களில் இருக்கும் அதே அண்ணிதான், தலைமட்டும் நரைத்திருக்கிறது. "லென்ஸை யாருக்கும் குடுக்கலை சித்தப்பா" என்று கீழே எழுதியிருந்தாள். பங்குனியில் அறுபத்துமூவருக்கு இருவரும் மாட வீதியில் நிற்பதாக ஏற்பாடு.

உங்கள் வீட்டுப் பரணிலும் அப்பாவின், மாமாவின் லென்ஸ் ஏதாவது கிடக்கும். பழைய சாமான்காரருக்குப் போடுவதற்கு முன் இறக்கிப் பாருங்கள். என்ன மவுண்ட் என்று தெரியாவிட்டால் பின்பக்கத்தைப் படம் எடுத்துப் போடுங்கள், சொல்கிறேன். கழித்தல் கணக்கை மட்டும் நீங்களே போட்டுக்கொண்டு வர வேண்டும்.

ஆசிகளுடன்,
உங்கள் பிசிக்ஸ் சார்