ட்ரோனா, அட்டை விமானமா? நம் பள்ளிப் பிள்ளைகளுக்கு எது?



பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள். வகுப்பில் கொட்டாவி விட்டவர்கள் இங்கே விட்டாலும் எனக்குத் தெரியாது.

நம் பழைய மாணவர்கள் வாட்ஸ்அப் குழுவில் பத்து நாளாக ஒரு விவாதம் ஓடுகிறது. பள்ளி அறிவியல் மன்றத்துக்கு ஏதாவது செய்வோம் என்று நல்ல மனதோடு பணம் திரட்டினீர்கள். பணம் சேர்ந்ததும் இரண்டு கட்சி ஆகிவிட்டது. பெங்களூரில் வேலை பார்க்கும் தம்பி, "கேமரா வைத்த நல்ல ட்ரோன் ரெண்டு வாங்கிக் கொடுப்போம் சார். இந்தக் காலத்துல யார் அட்டையை வெட்டி விமானம் விடுறா?" என்கிறான். கல்லூரியில் என்.சி.சி. விமானப் பிரிவில் ஏரோமாடலிங் செய்த தம்பியோ, "ட்ரோனுக்கும் ஏரோமாடலிங்குக்கும் சம்பந்தமே இல்ல சார், அது பறக்கிற செல்போன்" என்கிறான். இருவரும் எனக்குப் போன் போட்டு, "நீங்க சொல்லுங்க சார்" என்றார்கள். தனித்தனியாகச் சொல்வதைவிட எல்லோருக்குமாக இங்கே எழுதிவிடுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்கிறேன். மாதிரி விமானக் கலையில் ட்ரோனுக்கு இடம் உண்டு. ஆனால் கடையில் வாங்கி, பெட்டியைப் பிரித்து, அப்படியே பறக்கவிடும் கேமரா ட்ரோன் நம் பள்ளிக்கு வேண்டாம். நம் பட்டாசு வட்டாரத்துக்கு அது வேண்டவே வேண்டாம்.

முதலில் என்.சி.சி. தம்பிக்கு. இறக்கை இருந்தால்தான் மாதிரி விமானம், விசிறி மட்டும் இருந்தால் இல்லை என்று சொல்ல வரலாறு இடம் கொடுக்காது. பிரான்சில் அல்ஃபோன்ஸ் பெனோ என்று ஒருவர். 1871ல் பாரீஸ் நகரத் தோட்டம் ஒன்றில், முறுக்கிய ரப்பரால் ஓடும் சிறு விமானத்தைப் பறக்கவிட்டார். 11 விநாடியில் சுமார் 40 மீட்டர் போனது. ஏரோமாடலிங்குக்குத் தாத்தா என்றே அவரைச் சொல்லலாம். அவரே அதற்கு முந்தைய வருடம் ரப்பரால் சுழலும் குட்டி ஹெலிகாப்டரும் செய்திருந்தார். அந்த மாதிரி பொம்மை ஒன்றைத்தான் 1878ல் அமெரிக்காவில் மில்டன் ரைட் என்ற தகப்பனார் தன் பிள்ளைகளுக்கு வாங்கிவந்தார். அந்தப் பிள்ளைகள்தான் வில்பர், ஆர்வில் ரைட். பொம்மை உடைந்ததும் தாங்களே இன்னொன்று செய்து பார்த்தார்கள். ஆக, ரைட் சகோதரர்களுக்கு முதலில் ஆசை காட்டியதே விசிறியால் மேலே எழும் பொம்மைதான்.

சர்வதேச வான் விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்.ஏ.ஐ.யும் ட்ரோனை வாசலில் நிறுத்தவில்லை. 2018 நவம்பரில் சீனாவின் ஷென்சென் நகரில் ட்ரோன் பந்தயத்துக்கு முதல் உலக சாம்பியன்ஷிப் போட்டியே நடத்தியது. ஜெயித்தது ரூடி பிரவுனிங் என்ற ஆஸ்திரேலியப் பையன், வயது 15. ஆனால் கவனியுங்கள்: கயிற்றில் சுற்றும் விமானம், தானாக மிதக்கும் விமானம், ரேடியோவில் ஓட்டும் விமானம் ஒவ்வொன்றுக்கும் தனிப் பிரிவு இருப்பதுபோல ட்ரோனுக்கும் தனிப் பிரிவு. ஒரே வீடு, தனி அறை. எனக்கு அந்த ஏற்பாடு சரியாகப் படுகிறது.

ஏன் தனி அறை? இங்கேதான் உங்கள் பழைய அறிவியல் வாத்தியார் கொஞ்சம் பாடம் நடத்தியாக வேண்டும்.

ராக்கெட் வெடிக்கு ஏன் நீளக் குச்சி கட்டுகிறோம்? நம் ஊர்ப் பிள்ளைக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. குச்சி இல்லாத ராக்கெட் தறிகெட்டு எவன் வீட்டுக்குள்ளாவது போகும். குச்சி இருந்தால், தலை கொஞ்சம் சாய்ந்தாலும் காற்று பின்னால் இருக்கும் குச்சியைத் தள்ளி நேராக்கிவிடும். விமானத்தின் வாலும் அந்த வேலையைத்தான் செய்கிறது. ஒரு அட்டை விமானம் ஒழுங்காகப் பறக்கிறது என்றால் அதன் உருவம் சரியாக இருக்கிறது என்று பொருள். மூக்கு லேசாக இருந்தால் அண்ணாந்து நின்று தொப்பென்று விழும். மூக்கில் ஒரு பேப்பர் கிளிப் கூடிவிட்டால் தலைகுப்புறப் போகும். பையன் கிளிப்பை நகர்த்துவான், வாலை லேசாக மடிப்பான், திரும்ப எறிவான். பத்தாவது தடவை அது மிதந்து போகும்போது ஈர்ப்பு மையம் என்றால் என்ன என்பது அவன் கைக்கே தெரிந்துவிடும். நான் கரும்பலகையில் மூன்று நாள் எழுதினாலும் அது வராது.

ட்ரோன் கதை வேறு. நான்கு விசிறி, இரண்டு வலம் சுற்றும், இரண்டு இடம் சுற்றும். எல்லாம் ஒரே பக்கம் சுற்றினால் உடம்பு எதிர்ப்பக்கம் சுழன்றுவிடும், நியூட்டனின் மூன்றாம் விதி. அதற்குத் தானாக நிலையாக நிற்கும் உருவம் கிடையாது. உள்ளே இருக்கும் உணர்கருவி சாய்வை அளந்து சொல்ல, ஒரு சின்னக் கம்ப்யூட்டர் விநாடிக்கு நூற்றுக்கணக்கான தடவை நான்கு மோட்டாரையும் கூட்டிக் குறைத்து அதை நிமிர்த்திக்கொண்டே இருக்கிறது. மோட்டார் நின்றால் விமானம் மிதந்தாவது இறங்கும். ட்ரோன் கல் மாதிரி விழும்.

இதைக் கேவலமாகச் சொல்லவில்லை. அந்தக் கம்ப்யூட்டருக்கு என்ன சொல்லிக்கொடுப்பது என்பதும் அருமையான படிப்புதான். ஆனால் பெட்டியில் வரும் ட்ரோனில் அந்தப் படிப்பு முழுவதும் மூடி போட்டு ஒட்டியிருக்கிறது. பிள்ளைக்கு மிஞ்சுவது இரண்டு குச்சியைத் தள்ளுவது மட்டும். அதுவும் ஒரு பிள்ளைக்கு. ஒருவன் கையில் ரிமோட் இருக்கும், 39 பேர் வாயைப் பிளந்து மேலே பார்ப்பார்கள். இதற்கா பணம் திரட்டினோம்?

இப்போது பெங்களூர் தம்பிக்கு. "ட்ரோன்லதான் சார் வேலை இருக்கு" என்றாய். உண்மைதான். வயலுக்கு மருந்து அடிக்க 15,000 மகளிர் குழுக்களுக்கு ட்ரோன் கொடுக்கும் திட்டத்துக்கு மத்திய அரசு 2023ல் ஒப்புதல் தந்தது. தமிழக அரசு இதற்கென்றே ஆளில்லா வான்கலக் கழகம் ஒன்றை வைத்திருக்கிறது. ஆனால் தொழிலாக ட்ரோன் ஓட்டும் சான்றிதழ் வாங்கப் பத்தாம் வகுப்புத் தேறி 18 வயதும் ஆகியிருக்க வேண்டும். பள்ளிப் பிள்ளைக்கு நாம் தர வேண்டியது அதற்கு முந்தைய படி.

அந்தப் படியில் ஏறியவர்களைப் பார். சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி., அப்துல் கலாம் அய்யா விமானப் பொறியியல் படித்த அதே வளாகம். அங்கே உருவான தக்‌ஷா குழு 2018ல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நடந்த மருத்துவ ட்ரோன் போட்டியில் இரண்டாம் இடம் பிடித்தது. அவர்களுக்கு ஆலோசகராக இருந்தவர் நடிகர் அஜித்குமார். "தல"யைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். அவர் நெடுநாளாக ரேடியோ விமானம் விடுகிறவர். ஏரோமாடலிங் தெரிந்தவரும் ட்ரோன் செய்கிறவர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்த கதை அது. "நண்பன்" படத்தின் இந்தி மூலமான "3 இடியட்ஸ்" படத்தில் பறந்த நாலு விசிறிப் பொறியும் மும்பை ஐ.ஐ.டி. பையன்கள் தொடங்கிய ஐடியாஃபோர்ஜ் கம்பெனி செய்ததுதான். இவர்கள் எல்லாம் செய்தவர்கள், வாங்கியவர்கள் அல்ல.

அரசாங்கமும் ஒருவகையில் இதையே சொல்லியிருக்கிறது. 2022 பிப்ரவரியில் வெளிநாட்டு ட்ரோனை முழுப் பொருளாக இறக்குமதி செய்யத் தடை வந்தது. ராணுவம், பாதுகாப்பு, ஆராய்ச்சி போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு. உதிரி பாகங்களுக்குத் தடை இல்லை. வாங்காதே, செய் என்றுதான் நான் அதைப் படிக்கிறேன்.

2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகளையும் பாருங்கள். அதில் "மாதிரி" வகைக்கு என்ன இலக்கணம் தெரியுமா? எடை 25 கிலோவுக்கு மேல் போகக்கூடாது. கல்வி, ஆராய்ச்சி, வடிவமைப்பு, சோதனை, பொழுதுபோக்கு இவற்றுக்கு மட்டும். ஓட்டுகிறவர் கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள் பறக்க வேண்டும். இறக்கையா விசிறியா என்ற பேச்சே இல்லை. எதற்காக, எவ்வளவு தூரத்தில் என்பதுதான் கேள்வி.

அதோடு என் கணக்கையும் சேர்த்து மூன்று கேள்வி வைக்கிறேன். இதைச் செய்தது யார்? கண்ணுக்குத் தெரிகிறதா? விழுந்தால் எங்கே விழும், யார் பொறுப்பு? மூன்றுக்கும் பதில் இருந்தால் அது ஏரோமாடலிங், நாலு விசிறி இருந்தாலும் சரி. பதில் இல்லாவிட்டால், இறக்கை இருந்தாலும் எனக்கு வேண்டாம். கண்ணாடி மாட்டி ஓட்டும் பந்தய ட்ரோன் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். ஓட்டுகிறவன் பக்கத்தில் நின்று ட்ரோனையே பார்த்துக்கொண்டிருக்க இன்னொருவர் வேண்டும். அப்படி இருந்தால் அதற்கும் இடம் உண்டு.

மூன்றாவது கேள்விதான் நம் ஊருக்கு உயிரானது. பெங்களூரில் ட்ரோன் விழுந்தால் ஒரு கார்க் கண்ணாடி போகும். இங்கே?

நம்மைச் சுற்றி எத்தனை ஆலைகள், எத்தனை மருந்து அறைகள், வெயிலில் எத்தனை காயப்போட்ட களங்கள்! இரும்புக் கருவி உள்ளே வரக்கூடாது, செல்போன் வரக்கூடாது, ஒரு அறையில் இத்தனை பேருக்கு மேல் உட்காரக்கூடாது என்று கணக்கு வைத்திருப்பது எதற்கு? ஒரு உராய்வு போதும் என்பதற்காக. ட்ரோனில் இருப்பது லித்தியம் பாலிமர் பேட்டரி. அடிபட்டு நசுங்கினாலோ குத்துப்பட்டாலோ தானாகவே தீப்பிடிக்கக்கூடியது. உடனே பிடிக்காமல் கொஞ்ச நேரம் கழித்தும் பிடிக்கலாம். சிக்னல் அறுந்து, ஆடிக் காற்றில் தள்ளப்பட்டு, சுவரைத் தாண்டி ஒரு களத்தில் விழுந்தால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டுமா? 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. மற்ற ஊர்களுக்கு அது ஆசிரியர் தினம். நம் பக்கத்தில் அந்தத் தேதிக்கு வேறு அர்த்தமும் உண்டு.

மதுரை விமான நிலையம் நமக்கு வெகு தூரம், அதனால் வரைபடத்தில் பச்சை மண்டலம்தானே என்று ஒரு தம்பி குழுவில் எழுதியிருந்தான். பச்சை மண்டலம் என்பது மேலே போகும் விமானங்களுக்கு இடைஞ்சல் இல்லாத வானத்தைக் காட்டுவது. கீழே எந்தக் கொட்டகையில் எந்தத் தாய் வேலை செய்கிறாள் என்று அந்தப் பச்சைக்குத் தெரியாது. நமக்குத் தெரியும். அட்டை விமானம் அதே களத்தில் விழுந்தால் அட்டை விழுந்தது, அவ்வளவுதான்.

கேமரா பற்றியும் ஒரு வார்த்தை. மொட்டை மாடியில் துணி காயப்போடும் பெண்ணுக்குத் தலைக்கு மேல் ஒரு கண் நின்றால் எப்படி இருக்கும் என்று வீட்டுப் பெண்களைக் கேட்டுப் பாருங்கள். கல்யாண வீட்டில் சொல்லிவிட்டு எடுப்பது வேறு.

சரி, பணத்தை என்ன செய்யலாம்? என் யோசனை இது.

முதல் வருடம் ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் கையால் எறியும் விமானமும் ரப்பர் விமானமும். பொருளுக்குப் பஞ்சமா? சிவகாசி அச்சகங்களில் காலண்டர் அட்டை வெட்டுமிச்சம் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. மெல்லிய மூங்கில் குச்சியும் நம் ஊருக்குப் புதிதில்லை. செலவு ரப்பர், பசை, விசிறிக்கு மட்டும்தான்.

இரண்டாம் வருடம், அதில் ஆர்வம் காட்டியவர்களுக்குத் தெர்மாகோல் உடம்பு வைத்த ரேடியோ விமானம். என்.சி.சி. தம்பி லீவுக்கு வரும்போது சொல்லிக்கொடுக்க வேண்டும். விமர்சனம் செய்தவனுக்கு வேலை உண்டு.

மூன்றாம் வருடம் ட்ரோன். பெங்களூர் தம்பி பாகங்களாக வாங்கி அனுப்பட்டும். பிள்ளைகளே கோர்த்து, நிரல் ஏற்றட்டும். 250 கிராமுக்குள், கேமரா இல்லாமல், விசிறிக்குப் பாதுகாப்பு வளையத்தோடு. பறக்கவிடுவது நாலு சுவருக்குள், பள்ளிக் கூடத்தில் மேசைகளை ஒதுக்கிவிட்டு. வெளியே விடும் ஆசை இருந்தால், அறுவடை முடிந்த கரிசல் காட்டில், ஆலைகளுக்குத் தொலைவாக, காற்றில்லாத காலையில், ஒரு ஆசிரியர் கூடவே நிற்க, விதிப்படி பதிவு எண்ணும் வாங்கிய பிறகு. பேட்டரி பெரியவர்கள் பொறுப்பில், தனி இரும்புப் பெட்டியில். எந்தப் பிள்ளையும் அதை வீட்டுக்கு எடுத்துப்போகக் கூடாது. நம் பிள்ளைகள் வீட்டில் அப்பா அம்மா எந்த வேலை பார்க்கிறார்கள் என்று நமக்குத் தெரியும்தானே.

இரண்டு கேமரா ட்ரோன் வாங்கும் பணத்தில் இந்த மூன்று வருடத் திட்டமும் நடக்கும், மிச்சமும் வரும் என்று நினைக்கிறேன். கணக்குத் தெரிந்தவர்கள் பாகங்களின் விலையை விசாரித்துக் கமெண்ட்டில் போடுங்கள். எனக்கு எதிர்க்கருத்து உள்ளவர்களும் தயங்காமல் எழுதுங்கள். வகுப்பில்தான் பேசக்கூடாது என்றேன், இங்கே இல்லை.

அச்சகம் வைத்திருக்கும் மாணவர்கள் வெட்டுமிச்ச அட்டையைப் பழைய பேப்பர் கடைக்குப் போடும் முன் எனக்கு ஒரு போன் செய்யுங்கள். வண்டி நான் ஏற்பாடு செய்கிறேன்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் சார், தாயில்பட்டி