கதைத்தலமும் ஊராரும்

ஜப்பானின் காமாகுராவில் எனோடென் ரயில் கடலோரமாக ஓடும் வழியில் ஒரு சிறிய கடவுப்பாதை உண்டு. ‘ஸ்லாம் டங்க்’ அனிமேயின் தொடக்கப் பாடற்காட்சியில் அது சில நொடிகளே தோன்றுகிறது. 1993 முதல் 1996 வரை ஒளிபரப்பான அத்தொடரைத் தைவானிலும் கொரியாவிலும் சீனாவிலும் பார்த்து வளர்ந்த தலைமுறை, இன்று விமானமேறி வந்து அங்கே நிற்கிறது. 2022 இறுதியில் திரைப்படம் வெளியானபின் கூட்டம் மேலும் பெருகியது. ஒளிப்படத்துக்காகச் சிலர் நடுச்சாலையில் நிற்கின்றனர், குடியிருப்போர் சலிப்புறுகின்றனர். வெளிநாட்டு ரசிகர்க்கு ஒழுங்கு தெரியாது என இதற்குத் தீர்ப்பெழுதுவோர் பலர். அத்தீர்ப்பு பாதி உண்மைகூட அன்று.

கதைத்தலம் நாடிச் செல்வதை ஜப்பானியர் ‘செய்ச்சி ஜுன்ரெய்’ என்பர். புனிதத் தல யாத்திரை என்பது பொருள். பெயரில் சிறிது விளையாட்டு உண்டெனினும், வேர் பழையது. கவிதையால் புகழ்பெற்ற ‘உதாமகுரா’ இடங்களைக் காணும் வேட்கையும் 1689இல் பாஷோவை வடக்கு நோக்கி நடக்கவைத்தது. பாடல் பெற்ற தலங்களை அறிந்த தமிழர்க்கு இதை விளக்க வேண்டுவதில்லை.

வேறுபாடு, வருவோரை எதிர்கொள்ளும் முறையில் இருக்கிறது. 2007இல் ‘லக்கி ஸ்டார்’ தொடரால் சைத்தாமா மாகாணத்து வாஷிநோமியா ஆலயத்துக்கு ரசிகர் திரண்டபோது, உள்ளூர் வணிகர் அவர்களோடு கலந்து பேசினர். மறு ஆண்டு ஊர்த் திருவிழாவில் அத்தொடரின் பாத்திரங்கள் தீட்டிய சப்பரத்தை ரசிகரே தோளில் சுமந்தனர். 2011 ஆழிப்பேரலையில் பாதிக்கப்பட்ட ஓஆராய், அடுத்த ஆண்டு வந்த ‘கேர்ள்ஸ் உண்ட் பான்சர்’ பாத்திரங்களின் உருவப் பலகைகளைக் கடைவாயில்களில் நிறுத்தியது. வந்தவர்க்குக் கடைக்காரரோடு பேச ஒரு காரணம் வாய்த்தது. திரும்பத் திரும்ப வந்தோரில் சிலர் அங்கேயே குடியேறியும்விட்டனர்.

காமாகுராவின் கடவுப்பாதையைச் சுற்றி வீடுகளும் ஒரு பள்ளியும்தான். கைப்பேசியில் அக்காட்சியை மீண்டும் அமைப்பதன்றி வந்தவர்க்கு அங்கே செய்வதற்கு ஏதுமில்லை. உள்ளூர் ரசிகர் மாதந்தோறும் வரலாம், மொழியறியா அயலாரோ வாழ்நாளில் ஒருமுறை வருகிறார், அவரிடம் ஓஆராயின் உறவை எதிர்பார்க்கலாமா என்பது வலுவான மறுப்பு. அவருக்குத் திருவிழாச் சப்பரம் தேவையில்லைதான். சாலைக்கு வெளியே நின்று பார்க்க ஓரிடமும், அவர் மொழியில் இரு சொல் பேச ஒருவரும் போதும். அதற்கான செலவை அக்குடியிருப்போர் தலையில் கட்டுவது முறையன்று. அக்காட்சியால் வருவாய் ஈட்டுவோர் அதில் பங்கேற்க வேண்டும்.