காமிரா சொல்லும் சாட்சி

இத்தாலியின் சிசிலித் தீவில் மாபியா என்னும் கொலைக் கும்பல் யாருக்காக வளர்ந்தது? நிலப்பிரபுக்களின் நிலத்தைக் காக்கவும், கூலியும் நிலமும் கேட்ட விவசாயியை அடக்கவுமே வளர்ந்தது.

1947 மே தினத்தன்று போர்த்தெல்லா தெல்லா ஜினெஸ்திராவில் கூடிய விவசாயிகள் மீது குண்டு பாய்ந்தது. 11 பேர் மாண்டனர். 1948ல் கோர்லியோனே ஊரின் தொழிற்சங்கத் தலைவர் பிளாசிதோ ரிட்சோத்தோ கடத்திக் கொல்லப்பட்டார். மாபியாவின் சொத்தைப் பறிக்கச் சட்டம் கேட்ட கம்யூனிஸ்ட் தலைவர் பியோ லா தோர்ரே 1982 ஏப்ரல் 30ல் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இக்கொலைகளை நாடு மறந்துவிட வேண்டும் என்பதே மாபியாவின் விருப்பம். அதை முறியடித்தவர்களில் ஒருவர் லெத்தீசியா பத்தாலியா என்ற பெண்மணி. பலேர்மோ நகரின் இடதுசாரி நாளேடான 'லோரா'வுக்காக 1974 முதல் காமிராவுடன் ஓடினார். தெருவில் கிடந்த பிணங்களையும் கதறிய தாய்மாரையும் படமெடுத்தார். 1979ல் அப்படங்களைக் கோர்லியோனேச் சதுக்கத்திலேயே காட்சிக்கு வைத்தார். மக்கள் அஞ்சி விலகினர். அவர் காமிராவைக் கீழே வைக்கவில்லை.

அதே ஆண்டு அவர் எடுத்த படமொன்றில் பிரதம மந்திரி அந்த்ரேயோத்தி, மாபியாவின் கூட்டாளியான கோடீஸ்வரன் நீனோ சால்வோவுடன் நின்றார். சால்வோவைத் தெரியவே தெரியாதென்று அந்த்ரேயோத்தி சாதித்தார். 1993ல் அப்படம் விசாரணையாளர் கைக்கு வந்தது!

லா தோர்ரே கேட்ட சட்டம் அவர் மாண்ட பிறகு, 1982 செப்டம்பரில் நிறைவேறியது. பறிமுதலான மாபியா நிலத்தில் பயிர் செய்ய 2001ல் ரிட்சோத்தோவின் பெயரிலேயே கூட்டுறவுச் சங்கம் எழுந்தது. 2022ல் பத்தாலியா காலமானார், படங்கள் இருக்கின்றன.

தோழர்களே! நம் சங்கக் கட்டிடச் சுவரில் தொங்கும் தியாகிகளின் படங்களைத் தூசி தட்டுவோம். அவர்கள் யார், எதற்காக விழுந்தார்கள் என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லுவோம். நினைவும் உழைப்பாளி வர்க்கத்தின் ஆயுதமே!