அறுபத்தேழு நாட்கள்

ஒரு நாடு தன் எல்லைக்குள் நுழைகிறவரை இன்னாரென்று விசாரித்து அறிந்தபிறகே அனுமதிப்பது அதன் உரிமை மட்டுமன்று, தன் குடிமக்களுக்கு அது ஆற்ற வேண்டிய கடமையுமாகும். 2001 செப்டம்பர் 11 அன்று அமெரிக்காவில் விமானங்களைக் கடத்திய 19 பேரில் ஒருவர், ஆங்கிலம் கற்பதற்கென மாணவர் விசா பெற்று, சேர வேண்டிய பள்ளியின் பக்கமே போகாதவர். வேறு இருவருக்கு மாணவர் தகுதி அளிக்கப்பட்டதை உறுதிசெய்யும் தாள்கள், அவர்கள் மாண்டு ஆறு மாதம் கழித்து ஃபுளோரிடாவிலுள்ள விமானப் பயிற்சிப் பள்ளிக்கு அஞ்சலில் வந்து சேர்ந்தன. அயல்நாட்டு மாணவர் கல்லூரியில் சேர்ந்தாரா, தொடர்ந்து படிக்கிறாரா என்பதைக் கல்லூரியே அரசுக்குத் தெரிவிக்கும் ‘செவிஸ்’ என்ற கணினிப் பதிவு 2003இல் கட்டாயமானதை ஆகவே குறைகூற இடமில்லை.

குறை வேறிடத்தில் இருந்தது. அணுவியல், ஏவுகணை, வேதியியல் எனப் படைக்கலத்துக்கும் பயன்படக்கூடிய துறைகளைத் தொகுத்த ‘தொழில்நுட்ப எச்சரிக்கைப் பட்டியல்’ ஒன்று அமெரிக்கத் தூதரகங்களிடம் உண்டு. விண்ணப்பதாரரின் ஆய்வு அப்பட்டியலைத் தொட்டு ஐயம் எழுந்தால், அதிகாரி தாமே முடிவெடுக்காமல் வாஷிங்டனின் கருத்தைக் கேட்க வேண்டும் என்பது 1998இல் வந்த ‘விசாஸ் மேன்ட்டிஸ்’ நடைமுறை. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு, 2003 ஏப்ரல் முதல் ஜூன் வரை இவ்வழியில் அனுப்பப்பட்ட அறிவியல் மாணவர், அறிஞர் விண்ணப்பங்களில் சிலவற்றை எடுத்துப் பார்த்தபோது, ஒன்றுக்குச் சராசரியாக 67 நாட்கள் பிடித்திருந்தது தெரிந்தது. அத்தனை நாளும் யாரோ ஒருவர் அவற்றை ஆழ்ந்து ஆராய்ந்துகொண்டிருந்தார் என்று எண்ணுவது பிழை. வெளியுறவுத் துறையின் கணினியிலிருந்து எஃப்.பி.ஐ.யின் கணினிக்குக் கோப்புகள் ஒழுங்காகப் போய்ச் சேராமல் தேங்கியதும் தாமதத்துக்கு ஒரு காரணம். ஆட்களைக் கூட்டி, கோப்புப் பரிமாற்றத்தைச் சீர்செய்ததும் 2004 நவம்பரில் அச்சராசரி ஏறத்தாழ 15 நாளாக இறங்கிற்று. சோதனை கைவிடப்படவில்லை என்பதால், இடையில் கழிந்த 52 நாள் காத்திருப்பு எவரையும் எதிலிருந்தும் காக்கவில்லை என்றே கொள்ள வேண்டும்.

சென்னை ஜெமினி மேம்பாலத்தருகே உள்ள துணைத் தூதரகத்திலிருந்து ‘221ஜி’ சீட்டோடு வெளியே வருகிற மாணவருக்கு இது கணக்குப் பாடமன்று. சட்டப்படி விசா அப்போதைக்கு மறுக்கப்பட்டிருக்கிறது, ஆனால் விண்ணப்பம் முடிந்துவிடவில்லை, நிர்வாகப் பரிசீலனையில் உள்ளது என்பதே அச்சீட்டின் பொருள்; ஆகஸ்டில் வகுப்பு தொடங்கிவிடும், உதவித்தொகையோடு கிடைத்த இடம் அதுவரைதான் காத்திருக்கும். 2006 பிப்ரவரியில் இதே தூதரகத்தில், இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநராக இருந்தவரும் அப்போது உலக அறிவியல் மன்றங்களின் கூட்டமைப்புக்குத் தலைவராக விளங்கியவருமான வேதியியலாளர் கோவர்தன் மேத்தாவுக்கு விசா கிடைக்கவில்லை. ஒரு வேதியியலாளரின் வாழ்நாள் ஆய்வு எத்தகையது என்பதைக் கவுண்ட்டரில் நின்றபடி சில நிமிடங்களில் நிறுத்துப் பார்க்க எந்த அதிகாரியாலும் இயலாது. பிறகு விசா வழங்க முன்வந்தார்கள். அதற்குள் அவர் தம் அமெரிக்கப் பயணத்தையே கைவிட்டிருந்தார்.

இதற்கு வழி தெரியாத நாடன்று அமெரிக்கா. பனிப்போர் நடந்துகொண்டிருந்த 1985இல் அதிபர் ரேகன் பிறப்பித்த ஆணை, அடிப்படை ஆய்வு, அதாவது வெளிப்படையாக அச்சாகிப் பகிரப்படும் ஆய்வு, இயன்ற வரையில் கட்டுப்பாடின்றி இருக்க வேண்டும், காக்க வேண்டியது ஏதேனும் இருந்தால் அதை மட்டும் இரகசியமென வகைப்படுத்திப் பூட்ட வேண்டும் என்று வகுத்தது. பூட்டைப் பொருளுக்குப் போடாமல் மனிதருக்குப் போட்டால் என்னவாகும் என்பதற்கு அதற்கு முன்பே சான்று இருந்தது: 1954இல் இயற்பியலாளர் பால் டிராக்குக்கு அமெரிக்க விசா மறுக்கப்பட்டதால் பிரின்ஸ்டன் இழந்த மாதங்களில் சிலவற்றை, பம்பாயிலிருந்த டாடா அடிப்படை ஆய்வு நிறுவனம் பெற்றது. ஆயினும் 2025 மே மாத இறுதியில் மாணவர் நேர்காணலுக்குப் புதிதாக நாள் ஒதுக்குவது நிறுத்தப்பட்டு, சமூக ஊடகக் கணக்குகளை எல்லோரும் பார்க்கத் திறந்துவைக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு ஜூனில்தான் மீண்டும் தொடங்கியது. சேர்க்கைக்கு முந்தைய வாரங்கள் அவ்வாறு போயின.

இவ்விதழ் வேண்டுவது விலக்கு அன்று, வரையறுத்த காலம்: ஒவ்வொரு சீட்டிலும் முடிவு தெரியும் நாள் அச்சாகியிருக்க வேண்டும். இதே வேண்டுகோளைப் புதுடில்லியிடமும் வைக்க வேண்டியிருக்கிறது. இங்கே பன்னாட்டுக் கருத்தரங்கு நடத்துவோர் வெளியுறவு, உள்துறை அமைச்சகங்களின் இசைவுக்காகக் காத்திருக்கிறார்கள். 2018இல் டில்லியில் கூடிய ஆசியவியல் மாநாட்டுக்குப் பாகிஸ்தான் அறிஞர்கள் விசா கிடைக்காமல் வர இயலவில்லை.